நூலக வரி எங்க போச்சுன்னு சொல்லிட்டு அப்புறம் பூட்டுங்க: ஒரு திறந்த மடல்

மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கும், எங்க ஊர் நகராட்சி ஆணையருக்கும்,

சில மாசத்துக்கு முன்னாடி எங்க கிளை நூலகத்து கதவுல ஒரு பேப்பர் ஒட்டியிருந்துச்சு. "நிதி நிலைமையைக் கருத்தில் கொண்டு மறு உத்தரவு வரும் வரை"ன்னு ஆரம்பிச்சு நாலு விஷயம். காலையில 9லருந்து மதியம் 2 வரைக்கும் தான் இனி நூலகம், சாயங்காலம் கிடையாது. ஒன்பது பேப்பர் வந்துட்டு இருந்தது இனி ரெண்டு தான். வார இதழ் மாத இதழ் எல்லாம் மொத்தமா நிறுத்தம். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பகுதி நேர நூலகத்தை இதோட "இணைத்து" விட்டாச்சு. இணைச்சாச்சுங்கிறது ஆபீஸ் பாஷை, அந்தத் தெரு ஜனங்க பாஷையில மூடியாச்சு, அவ்வளவு தான்.

அஞ்சாவதா ஒண்ணு பேப்பர்ல எழுதல, அதுக்கு அப்புறம் வர்றேன்.

ஊர் பேரும் மாவட்டமும் வேணும்னே எழுதல. எழுதினா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, அந்த நூலகர் அம்மாவுக்கு தான் மெமோ போகும், வாசகர்கிட்ட தகவல் சொன்னது யாருன்னு. அந்த பழக்கம் எனக்கு நல்லாவே தெரியும், ஏன்னா நானும் 31 வருஷம் அரசாங்க ஆபீஸ்ல கணக்குப் பிரிவுல உக்காந்து அந்த மாதிரி மெமோ டிராஃப்ட் போட்டவன் தான். 2020 மேயில 58 முடிஞ்சு ரிடையர் ஆக வேண்டியது, 59 ஆக்கினாங்க, அப்புறம் 60 ஆக்கினாங்க, கடைசியில 2022ல தான் வெளிய விட்டாங்க. அதனால வருமானம் குறைஞ்சா அரசாங்கம் என்ன பண்ணும், எங்க வெட்டும், எதைத் தொடவே தொடாதுங்கிறது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

பஞ்சம் பாத்தவன் நான். 2001ல கஜானா காலின்னு சொன்ன காலம், 2003 ஜூலை ஸ்ட்ரைக், சுமார் 1.7 லட்சம் பேருக்கு வேலை போச்சுன்னு உத்தரவு வந்துச்சே அதுல நானும் ஒருத்தன், அப்புறம் மன்னிப்பு கடுதாசி எழுதிக் கொடுத்து திரும்ப சேந்தேன். 2020ல கொரோனா, டிஏங்கிற அகவிலைப்படி நிறுத்தம், சரண்டர்னு எடுக்காத லீவுக்கு கொடுக்கிற காசு நிறுத்தம், விழாவுல சால்வை பூங்கொத்து எல்லாம் வாங்கக்கூடாதுன்னு ஆர்டர். 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாட்டு அரசோட நிதி நிலைமை பத்தி வெள்ளை அறிக்கை வந்தப்போ குடும்பத்துக்கு 2,63,976 ரூபா கடன்னு டிவில சொன்னாங்க, எங்க வீட்டம்மா கையில கரண்டியோட வந்து "நம்ம எப்பங்க வாங்குனோம்"னு கேட்டா. ஆக காசு இல்லாத காலத்துல செலவைக் குறைக்கணும்னா அதை நான் குத்தம்னு சொல்ல மாட்டேன். நானே குறைச்சிருக்கேன்.

ஆனா இங்க காசு இல்லையா, இல்ல காசு வந்து சேரலையா? இது ரெண்டும் வேற வேற விஷயம். இந்த மடல் முழுக்க அந்த ஒரு கேள்வி தான்.

என் வீட்டு சொத்து வரி ரசீதை எடுத்து பாத்தேன். 900 சதுர அடி வீடு. 2022ல சொத்து வரி ஏத்தினப்போ 600க்கு மேல 1200 அடி வரைக்கும் 50 சதவீதம் ஏறுச்சு, சரின்னு கட்டினேன். அப்புறம் 2024ல இன்னொரு 6 சதவீதம், அதையும் கட்டினேன். இந்த வரி ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலக வரி. இது இன்னைக்கு நேத்து வந்தது இல்ல, 1948ல அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி மந்திரியா இருந்தப்போ வந்த பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவுல முதல் நூலக சட்டம், பின்னாடி நின்னு தள்ளினவர் சீர்காழியில பொறந்த நூலகவியல் மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன். அவங்க ரொம்ப யோசிச்சு தான் இதை செஞ்சிருக்காங்க. நூலகத்துக்கு பட்ஜெட்ல கை ஏந்தி நிக்கிற நிலைமை வரக்கூடாது, ஊர் ஜனம் வீட்டு வரியோட சேத்து கொஞ்சூண்டு கொடுக்கட்டும், அது நூலக நிதின்னு தனியா இருக்கட்டும், அந்த ஜில்லா நூலகத்துக்கே செலவாகட்டும்னு. வருஷா வருஷம் வந்துட்டே இருக்கிற காசு. வீடு இடிஞ்சா தவிர நிக்காது.

அப்ப கணக்கு போட்டு பாருங்க. சொத்து வரி ஏறுச்சுன்னா அதோட ஒட்டிக்கிட்டு வர்ற நூலக வரியும் ஏறத்தானே செய்யும்? 2022க்கு முன்னாடி ஒன்பது பேப்பர் வாங்க முடிஞ்ச நூலகத்துக்கு 2022க்கு அப்புறம் ரெண்டு பேப்பர் தான் வாங்க முடியும்னா நடுவுல என்னமோ நடந்திருக்கு.

என்ன நடந்திருக்குன்னு ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டு கேட்டேன். பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ரெண்டு மனு, ஒண்ணு உங்க ஆணைக்குழுவுக்கு, ஒண்ணு நகராட்சிக்கு. சட்டப்படி 30 நாள். ஆணைக்குழு பதில் சரியா வந்துச்சு, அதுக்கு நன்றி. உள்ளாட்சிகள்கிட்ட இருந்து நூலக வரி நிலுவை இருக்கு, "பலமுறை கடிதம் எழுதப்பட்டுள்ளது"ன்னு. நகராட்சி பதில் மேல்முறையீடு போட்டதுக்கு அப்புறம் தான் வந்துச்சு, "நகராட்சியின் நிதி நிலைமைக்கேற்ப படிப்படியாக செலுத்தப்படும்"னு. ரெண்டு பதிலையும் சாப்பாட்டு மேசையில பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தேன். நிலுவை எவ்வளவுன்னு ரெண்டு பேரும் ஒவ்வொரு தொகை சொல்றீங்க, ரெண்டும் ஒத்தே வரல! எது சரின்னு எனக்கு தெரியாது, அதனால இங்க தொகையை எழுதல. ஆனா கணக்குப் பிரிவுல இருந்தவனுக்கு அதைப் பாத்ததும் வயிறு கலங்கிடுச்சு, ஏன்னா ரெண்டு ஆபீசும் உக்காந்து கணக்கை சரி பாத்தே பல வருஷம் ஆகியிருக்கும்னு அர்த்தம்.

ஆணையர் அவர்களே, இப்ப உங்ககிட்ட பேசுறேன். நகராட்சிக்கு கஷ்டம் இருக்கு, தெரியும். தெரு விளக்கு கரண்ட் பில், தண்ணி பில், துப்புரவு ஒப்பந்தக்காரர் வாசல்ல நிப்பாரு, மாசம் பொறந்தா சம்பளம். கையில இருக்கிற காசை எடுத்து எரியுற தீயை அணைக்கத்தான் தோணும். நான் உங்க சீட்ல இருந்திருந்தாலும் ஒரு மாசம் அப்படி பண்ணியிருப்பேனோ என்னமோ. ஆனா அது உங்க காசு இல்லையே. எங்க தெரு மளிகைக்கடைக்காரர் எங்ககிட்ட ஜிஎஸ்டி சேத்து வாங்குறாரு, வியாபாரம் டல்லா இருக்கு அதனால ஜிஎஸ்டியை கடை வாடகைக்கு கொடுத்துட்டேன், படிப்படியா கட்டுறேன்னு அவர் சொல்ல முடியுமா, நோட்டீசு வரும், வட்டி வரும், அபராதம் வரும். வசூல் பண்ணி ஒப்படைக்கிறது மட்டும் தான் நூலக வரியில உங்க வேலை. நான் வரியை மூணு மாசம் லேட்டா கட்டினா எனக்கு மட்டும் "நிதி நிலைமைக்கேற்ப" கிடையாதே?

ஆணைக்குழுவுக்கு ஒரு கேள்வி. "பலமுறை கடிதம்" சரி. எத்தனை முறை? யாருக்கு? கலெக்டர் கூட்டத்துல இதைப் பேச வச்சீங்களா, மேல இயக்குநரகத்துக்கு எழுதினீங்களா? எனக்கு தெரிஞ்ச கடிதம் எப்படின்னா போன வருஷ கடிதத்துல தேதியை மாத்தி "நினைவூட்டு"ன்னு மேல டைப் அடிச்சு அனுப்புறது, அது அங்க போய் ஒரு ஃபைல்ல குத்திக்கிட்டு உக்காரும், ரெண்டு பக்கமும் ஆடிட்டுக்கு காட்ட பேப்பர் ரெடி. வர வேண்டிய காசை வாங்குறதுக்கு எடுத்த முயற்சியை விட எங்க நூலகத்து சாயங்காலத்தை வெட்டுறதுக்கு எடுத்த முயற்சி வேகமா இருக்கு, ஒரே வாரத்துல ஆர்டர் வந்து ஒட்டியாச்சு.

சாயங்காலம்னா என்னன்னு உங்களுக்கு தெரியணும். காலை 9லருந்து 2 வரைக்கும் நூலகத்துக்கு வரக்கூடியவங்க யாரு? என்னை மாதிரி பென்ஷன்காரங்க ஆறேழு பேர். எங்களுக்கு பேப்பர் வீட்டுக்கே வருது, நூலகத்துக்கு வர்றது கொஞ்சம் அரட்டைக்கு, கொஞ்சம் ஃபேன் காத்துக்கு, உண்மையை சொல்லிடுறேன். ஸ்கூல் விடுறது நாலரை மணிக்கு. ஸ்பின்னிங் மில்லுல காலை ஷிப்ட் முடிச்சிட்டு குளிச்சிட்டு நாலு மணிக்கு வந்து ஜன்னல் ஓரம் உக்காந்து எட்டு மணி வரைக்கும் குரூப் 4க்கு படிக்கிற பையன் ஒருத்தன் இருக்கான், பக்கத்து கிராமத்துல இருந்து பஸ் ஏறி வர்ற ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க, அதுல ஒருத்தி வீட்ல ஒரே ரூம்ல அஞ்சு பேர், படிக்க இடம்னா அவளுக்கு இந்த நூலகம் தான். மெடிக்கல் ஷாப்ல நிக்கிற தம்பி ஒருத்தன் டீ பிரேக்ல வந்து அரை மணி நேரம் நடப்பு நிகழ்வுகள் மட்டும் குறிப்பு எடுத்துட்டு ஓடுவான். இவங்க எல்லாருக்கும் நூலகம் இப்ப பூட்டின கட்டடம். எனக்கு மட்டும் திறந்திருக்கு. நேரத்தை குறைச்சே ஆகணும்னா காலையை வெட்டிட்டு சாயங்காலத்தை விட்டிருக்கலாம்ல, எங்ககிட்ட கேட்டிருந்தா நாங்களே சொல்லியிருப்போம், நாங்க கிழவனுங்க டீக்கடையில பேசிக்குவோம்.

பேப்பர் கணக்கும் பாத்துடலாம். ஏழு பேப்பர் நிறுத்தினீங்க. ஒண்ணு எட்டு ரூபான்னே வச்சுக்கங்க, ஒரு நாளைக்கு 56, மாசத்துக்கு 1,700 ரூபா கிட்ட. நாலு பக்கம் மடிச்சு கல்லு வச்சு ஆளுக்கு ஒரு ஷீட்டா பிரிச்சு ஒரே நேரத்துல அஞ்சாறு பேர் படிக்கிற பேப்பர் அது. இப்ப ரெண்டு பேப்பருக்கு ஆள் முறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. இதே மாசத்துல மாவட்ட அளவுல ஒரு விழா எடுத்தீங்க, மேடை, ஷாமியானா, ஃப்ளெக்ஸ் மூணு சைஸ்ல, வந்தவங்களுக்கு எல்லாம் சால்வை, நானும் போயிருந்தேன், எனக்கும் ஒண்ணு போட்டாங்க, மூத்த வாசகர்னு. 2020ல வேண்டாம்னு நிறுத்தின சால்வை. அந்த சால்வை வீட்ல அலமாரியில இருக்கு, வேணும்னா திருப்பி கொடுத்துடுறேன், அதுக்கு நாலு நாள் பேப்பர் வாங்கலாம்.

ஆனா இதுல என்னை ரொம்ப உறுத்துறது அந்த எழுதாத அஞ்சாவது விஷயம். தினக்கூலியில ஒருத்தர் இருந்தாரு. புத்தகம் எடுத்து வைப்பாரு, ரிஜிஸ்டர் எழுதுவாரு, கூட்டுவாரு, பின்னாடி கிழிஞ்ச அட்டைக்கு மைதா பசை போட்டு ஒட்டுவாரு, பாம்பு வந்தா அடிப்பாரு, அதையும் பண்ணியிருக்காரு. பதினோரு வருஷம். அவரை இனி வர வேண்டாம்னு வாயால சொல்லியாச்சு. ஆர்டர் இல்ல, கையெழுத்து இல்ல. வேலைக்கு எடுக்கும்போதும் ஆர்டர் இல்ல, அதனால நிறுத்தும்போதும் தேவையில்ல போல. ரெண்டு மாச கூலி பாக்கியோட போயிருக்காரு.

இது ஏன் என்னை உறுத்துதுன்னா நானும் இதை பண்ணியிருக்கேன். 2002ல எங்க ஆபீசுக்கு சில்லறை செலவை குறைன்னு ஆர்டர் வந்துச்சு. நான் தான் ஸ்டேட்மெண்ட் போட்டேன். ஜீப் டீசல்ல கை வைக்கலாம், அதிகாரி கோவப்படுவாரு. டெலிபோன்ல வைக்கலாம், அதுவும் அதே. ஸ்டேஷனரி ஏற்கனவே வாங்குறதே இல்ல, நாங்களே பேனா வாங்கிக்குவோம். கடைசியில பெருக்குற அம்மாவோட கூலியை எடுத்தேன். ரொம்ப ஈசியா இருந்துச்சு, ஒரு வரி அடிச்சேன், கூட்டல் சரியா வந்துடுச்சு. அடுத்த நாள் காலையில அந்த அம்மா வெளக்கமாத்தோட வந்து "சார் இன்னைக்கு பெருக்கட்டுங்களா, வேண்டாங்களா"ன்னு கேட்டாங்க, நான் ஃபைலை பாத்துக்கிட்டே வேண்டாம்மான்னு சொன்னேன். தலை நிமிரல. ஜீப் அன்னைக்கும் ஓடுச்சு. ரெண்டாயிரத்து ரெண்டுல நடந்தது, இன்னும் வெளக்கமாறு சத்தம் கேட்டா ஞாபகம் வருது, இது என் கதை, இதுல உங்களை இழுக்கக்கூடாது தான், ஆனா எல்லா ஆபீஸ்லயும் வெட்டு இப்படித்தான் விழுது. யார் பேர்ல ஃபைல் இல்லையோ, யாருக்கு சங்கம் இல்லையோ, யார் கேள்வி கேட்டா பதில் சொல்ல வேண்டியதில்லையோ அங்க போய் விழுது. தினக்கூலிக்காரர், பகுதி நேர நூலகம் இருந்த தெரு, மில்லு வேலைக்கு போற பையன். உங்க நோட்டீஸ்ல இருக்கிற எல்லாமே அந்த ரகம் தான்.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்க ஜனம் இனி இந்தப் பக்கம் வந்து படிக்கட்டும்னு சொல்றது மேப்ல பாத்தா ஒரு கிலோமீட்டர் கூட இல்ல. ஆனா அந்த கேட்டை போட்டா அரை மணி நேரம், சின்னப் பசங்களை தனியா தண்டவாளம் தாண்டி அனுப்ப எந்த அம்மா விடுவாங்க. 1931ல மன்னார்குடி பக்கம் மேலவாசல்ல மாட்டு வண்டியில புத்தகத்தை ஏத்தி ஊர் ஊரா கொண்டு போனாங்க, ரங்கநாதன் காலத்து கதை அது, அன்னைக்கு புத்தகம் ஜனங்களைத் தேடி போச்சு. மதுரையில 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தை பேரனோட போய் பாத்தேன், பிரமாதமா இருக்கு, குறை சொல்ல மனசே வரல, வாசல்ல நின்னு போட்டோ கூட எடுத்துக்கிட்டோம். ஆனா எங்க ஊர் பொண்ணு தினம் சாயங்காலம் மதுரைக்கு பஸ் ஏற முடியாதுங்க.

இப்ப என்ன வேணும்னு நேரா சொல்லிடுறேன், சுத்தி வளைக்கல.

ஆணைக்குழு முதல்ல அந்த நோட்டீசை நிறுத்தி வைக்கணும். ரத்து பண்ண ஆர்டர் வேணும்னா அதுக்கு நேரம் எடுத்துக்கங்க, ஆனா சாயங்காலம் 4லருந்து 8 வரைக்கும் இந்த வாரமே திறங்க. ஆள் பத்தலன்னா காலை நேரத்தை எடுத்துக்கங்க, வாசகர் வட்டத்துல நாங்க எழுதியே கொடுக்கிறோம்.

அந்த தினக்கூலி ஊழியருக்கு பாக்கி ரெண்டு மாச கூலி உடனே போகணும், இதுக்கு எந்த நிதி நிலைமையும் காரணம் ஆகாது, செஞ்ச வேலைக்கான காசு. திரும்ப எடுக்க முடியுமா முடியாதான்னு எழுத்துல பதில் சொல்லுங்க, பதினோரு வருஷத்துக்கு ஒரு பேப்பராவது அவர் கைக்கு போகட்டும்.

நகராட்சியும் ஆணைக்குழுவும் ஒரு நாள் ஒரே மேசையில உக்காந்து 2018லருந்து இன்னைக்கு வரைக்கும் நூலக வரி எவ்வளவு வசூல் ஆச்சு, எவ்வளவு ஒப்படைச்சாச்சு, பாக்கி எவ்வளவுன்னு வருஷ வாரியா சரி பாத்து ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட ஒரே ஒரு ஷீட்டை நூலகத்து கதவுல ஒட்டணும், குறைப்பு நோட்டீஸ் ஒட்டின அதே இடத்துல. மாவட்டத்துல இருக்கிற மத்த நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிக்கும் இதே மாதிரி. கணக்கு எழுத ஆள் இல்லன்னு சொன்னீங்கன்னா நான் வர்றேன், சம்பளம் வேண்டாம், ஒரு டீ போதும்.

ஆணையர் இனி வசூலாகுற நூலக வரியை நகராட்சி பொது கணக்குல கலக்காம தனி கணக்குல போட்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது அனுப்பணும். பழைய பாக்கியை மொத்தமா கேக்கல, தவணை போட்டு கொடுங்க, ஆனா தவணை தேதியை எழுத்துல சொல்லுங்க, "படிப்படியாக"ங்கிற வார்த்தை வேண்டாம்.

பகுதி நேர நூலகத்தை ஒரேயடியா மூடுறதுக்கு முன்னாடி அந்தத் தெருவுல ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டம் போடுங்க, அங்க வந்து நீங்களே சொல்லுங்க. அது வரைக்கும் அங்க இருக்கிற புத்தகத்தை மூட்டை கட்டி இங்க கொண்டு வர வேண்டாம், போன தடவை வேற இடத்துல இருந்து வந்த மூட்டை மாடிப்படி கீழ இன்னும் பிரிக்காம கிடக்கு, கரையான் தான் படிக்குது.

இதுக்கப்புறமும் உண்மையாவே பற்றாக்குறை இருக்குன்னா, பாக்கி எல்லாம் வாங்கின பிறகும் கணக்கு உதைக்குதுன்னா, சொல்லுங்க. விழாவை நிறுத்துங்க, அப்புறம் எங்ககிட்ட வாங்க. பேப்பர் செலவை தெருவுக்கு ஒருத்தர்னு நாங்க ஏத்துக்கிறோம், இதுல ரெண்டு பேர் ஏற்கனவே புரவலர் தான். ஆனா கட்டின வரி எங்கன்னு தெரியாம திரும்ப உண்டியல் குலுக்க மாட்டோம்.

முப்பது நாள்ல எழுத்துல பதில் எதிர்பாக்குறேன், ஆர்டிஐக்கு கொடுத்த மாதிரி. சொத்து வரி ரசீது, ரெண்டு ஆர்டிஐ பதில், கதவுல ஒட்டின நோட்டீஸ் போட்டோ, எல்லா ஜெராக்சும் தபால்ல தனியா அனுப்பியிருக்கேன். தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நூலகத்து படியில தான் உக்காந்திருக்கேன், அந்த மில்லு பையனும் வர்றான், தெரு லைட் வெளிச்சத்துல படிக்கிறான். விசாரணைக்கு யாராவது வந்தா அங்கயே பாக்கலாம்.

இப்படிக்கு,
நூலக வரியை பாக்கி இல்லாம கட்டியிருக்கிற ஒரு உறுப்பினர்